கொரியப் பள்ளிக்குப் போகிற அம்மணிக்கு

அன்புள்ள அம்மணிக்கு,

அத்தை எழுதுகிறேன். கொரியாவில் ஆங்கிலத் துணையாசிரியர் வேலைக்கு நீ மனுப் போட்டிருப்பதாக உன் அப்பா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எடுத்துப் போகவேண்டியவை என்று நீ எழுதி அனுப்பிய பட்டியலையும் படித்தேன். தாஜ்மகால் படங்கள், பரதநாட்டியக் காணொளி, பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, பொங்கலைப் பற்றிய நீண்ட படக்காட்சி. எல்லாம் நல்ல சாமான்கள்தான். ஆனால் அந்தப் பட்டியல் முழுக்க நீ கொடுக்கப் போவது மட்டுமே இருக்கிறது. அங்கிருந்து என்ன கேட்டு வாங்கப் போகிறாய் என்று ஒரு வரிகூட இல்லை. நானும் அங்கே ஒரு பருவம் பள்ளியில் இருந்துவிட்டு வந்தவள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ போகிற வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவும் தென்கொரியாவும் செய்துகொண்ட பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சுங்க வரியும் சரக்கும் பேசிய அதே ஒப்பந்தம்தான், ஆசிரியர் சான்றிதழ் உள்ள இந்தியர்கள் கொரியப் பள்ளிகளில் ஆங்கிலத் துணையாசிரியராக வேலை செய்யவும் வழி விட்டது. உன் பி.எட். அங்கே பேசும். வகுப்பில் நீ தனியாக நிற்க மாட்டாய். பொறுப்பு கொரிய ஆசிரியருடையது, நீ துணை. தொடக்கப்பள்ளியில் ஒரு பாடவேளை 40 நிமிடம். ஆங்கிலம் மூன்றாம் வகுப்பில்தான் தொடங்கும். 1997 முதல் இப்படித்தான். பள்ளி ஆண்டு மார்ச்சில் பிறக்கிறது, அப்போது குளிர் இன்னும் விட்டிருக்காது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்செருப்பு மாட்டிக்கொண்டுதான் நுழையவேண்டும். வகுப்பறையைப் பிள்ளைகளே பெருக்கித் துடைக்கிறார்கள். அந்த நேரத்தில் நீயும் ஒரு துடைப்பத்தை எடு. பாடத்தில் வாய் திறக்காத பிள்ளைகள் பெருக்கும்போது உன்னிடம் பேசுவார்கள்.

புறப்படுமுன் ஹங்குல் எழுத்தைக் கற்றுக்கொள். இதில் சலுகையே கிடையாது. உனக்கு நாடகம் பார்த்துப் பேச்சு கொஞ்சம் காதில் ஏறியிருக்கிறது, தெரியும். எழுத்து வேறு. மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் மக்களுக்கு அறிவித்த எழுத்து அது. அதுவரை அங்கே சீன எழுத்துதான். உழவனுக்கும் பெண்ணுக்கும் அது எட்டாது. சாதாரண மக்கள் எளிதாகப் படிக்கவேண்டும் என்பதற்காகவே அமைத்ததால், ஒரு வாரம் ஒழுங்காக உட்கார்ந்தால் உனக்குக் கை வந்துவிடும். அடிப்படை மெய்யெழுத்துகளின் உருவங்களை நாக்கும் உதடும் பல்லும் தொண்டையும் இருக்கும் நிலையைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். ஒலி வாயில் எங்கே எப்படிப் பிறக்கிறது என்று தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்றொரு இயலே உண்டு, நீ படித்ததுதான். நம் இலக்கணத்தார் சொல்லில் விளக்கிய ஒன்றை அங்கே எழுத்தின் கோட்டிலேயே போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, ஒரு மொழி ஆசிரியராக எனக்கு அந்த மன்னர்மேல் பெரிய மரியாதை வந்தது. அவர் பிறந்த நாளான மே 15தான் அங்கே ஆசிரியர் தினம். நீ அவர்கள் எழுத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறாய் என்று தெரிந்தால் பிள்ளைகள் உன்னைத் திருத்தத் தொடங்குவார்கள். முதல் வாரமே நீ மாணவி, அவர்கள் ஆசிரியர். அந்த வரிசையில் தொடங்குவது நல்லது.

இனி, பண்பாட்டு வகுப்புக்கு வருகிறேன். கொரியப் பள்ளிகளில் வெளிநாட்டு விருந்தினரை அழைத்து ஒரு பாடவேளை நடத்துவது வழக்கமாகிவிட்டது. விருந்தினர் தன் நாட்டு உடையில் வருவார். கொடி, தலைநகரம், வணக்கம் சொல்லும் முறை, ஒரு தின்பண்டம், ஒரு நடனம், கடைசியில் ஒரு படம். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அவ்வளவில் அந்த நாடு அவர்களுக்கு முடிந்துபோகும். இந்தியா என்றால் யானை, கறி, நெற்றிப்பொட்டு என்று ஏற்கெனவே படித்ததை நீ நேரில் வந்து உறுதி செய்துவிட்டுப் போனதாக ஆகும். மேடையில் நிற்கிறவள் எவ்வளவு அழகாக இருந்தாலும், கீழே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை. பிள்ளைகள் கையில் ஏதாவது இருக்கவேண்டும் அம்மணி. அவர்களும் உனக்கு ஏதாவது தரும்படி இருக்கவேண்டும்.

நான் இருந்தது தெற்கு ஜொல்லா மாகாணத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளி. நெல் வயல், பூண்டு வயல், வெங்காய வயல். மூடிக்கிடக்கும் வீடுகள் பல. அங்கே இடைவேளையில் பெண்பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது கொங்கி என்ற ஆட்டம். ஐந்து காய்கள். ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருமுன் தரையிலிருப்பதை ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், பிறகு நான்கையும் ஒரே அள்ளாக எடுக்கவேண்டும். கடைசியில் ஐந்தையும் தூக்கிப் போட்டுப் புறங்கையில் ஏந்தி, மறுபடி எறிந்து பிடிக்கவேண்டும். பிடித்தது எத்தனையோ அத்தனை புள்ளி. நம் திண்ணையில் உன் பாட்டி ஆடிய அஞ்சாங்கல்லேதான்! நான் கூழாங்கல்லில் ஆடியவள்; அவர்களுடையது உள்ளே சிறு இரும்புத் துண்டுகள் கலகலக்கும் பிளாஸ்டிக் காய். ஆட்ட விதிகளில் சின்னச் சின்ன வேற்றுமைகள் இருந்தன. அதை வைத்தே ஒரு பாடவேளை ஓடியது. எங்கள் ஊர் முறைக்கு ஒரு ஆட்டம், அவர்கள் முறைக்கு ஒரு ஆட்டம். எறி, பிடி, முறை, தவறு என்று வேண்டிய ஆங்கிலச் சொற்கள் எல்லாம் விளையாட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. ‘ஸ்க்விட் கேம்’ தொடரின் இரண்டாம் பருவம் வந்தபிறகு உலகம் முழுக்க இந்த ஆட்டம் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அது பாட்டியிடம் கற்றது.

அந்தத் துணிவில்தான் பல்லாங்குழியை எடுத்துப்போனேன். பதினான்கு குழி, இரண்டு பேர், அள்ளிப் போட்டுக்கொண்டே போகும் ஆட்டம். கொரியப் பிள்ளைகளுக்குப் புதிது. ஆனால் நான்காம் வகுப்பில், வகுப்பில் குரலே எழுப்பாத ஒரு பெண்பிள்ளை, குழியைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் அம்மாவுக்கு இதுபோல ஒன்று தெரியும் என்று கொரிய ஆசிரியரிடம் மெல்லச் சொன்னாள். அவள் அம்மா வியட்நாமிலிருந்து மணமாகி வந்தவர்.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பின்னணி சொல்லவேண்டும். கொரிய நாட்டுப்புறத்தில் இளம்பெண்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். நிலத்தோடு தங்கிய ஆண்களுக்குப் பெண் கிடைக்கவில்லை. 1990களிலிருந்து சீனம், பிலிப்பைன்ஸ், வியட்நாம், கம்போடியா என்று வெளிநாடுகளிலிருந்து பெண்கள் மணமாகி வந்தார்கள். 2008இல் இக்குடும்பங்களுக்கு உதவ தனிச் சட்டமே இயற்றினார்கள். மொழி வகுப்பும் உதவி மையங்களும் வந்தன. கொரியர்கள் இவ்வளவு செய்ததை மதிக்கிறேன். ஆனாலும், ‘பல பண்பாட்டுக் குடும்பம்’ என்று அன்போடு வைத்த பெயரையே பள்ளி வளாகத்தில் சில பிள்ளைகள் சக பிள்ளையைத் தள்ளிவைக்கும் பட்டமாக ஆக்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளை, தாயின் மொழியைப் பள்ளியில் பேசாது. தாய் பள்ளிக்கு வருவதையும் விரும்பாது. இந்தியாவிலிருந்து வந்த ஆசிரியைக்கு மாலை மரியாதை. அதே ஊரில் பத்து வருடமாக வெங்காயம் நடும் வியட்நாம் தாய்க்கு ஒரு பாடவேளை கிடையாது. இது என்னை அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

வகுப்பாசிரியர் நல்ல மனம் படைத்தவர். அந்தத் தாயை முறைப்படி அழைப்புக் கொடுத்து வரவழைத்தார். அவர் வந்து வளாகத்து மண்ணில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு நீள்சதுரம் கீறினார். பக்கத்துக்கு ஐந்து கட்டம், இரண்டு முனையிலும் அரைவட்டம். கட்டத்துக்கு ஐந்து கூழாங்கல். ‘ஓ அன் குவான்’ என்று பெயர். அரைவட்டத்தில் இருப்பது பெரிய அதிகாரி. அதைப் பிடிப்பவர்க்கு மதிப்பெண் கூடுதல். அள்ளிப் போடும் முறையில் பல்லாங்குழிக்கு நெருங்கிய சொந்தம். நான் அவரிடம் தோற்றேன், பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். அவர் மகள், அம்மா சொல்வதைக் கொரியத்தில் விளக்கிக்கொண்டு நடுவில் நின்றாள். மறுநாளிலிருந்து இடைவேளையில் வளாகத்து மண்ணில் அந்தக் கட்டங்கள் வந்துவிட்டன. என் புடவையையோ என் படக்காட்சியையோ யாரும் மறுநாள் தேடவில்லை.

உனக்கு நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான் அம்மணி. நீ விருந்தாளி என்பதால் உனக்குக் கதவு திறக்கும். அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே அங்கே இருந்தும் உள்ளே அழைக்கப்படாதவர்களை உள்ளே வரச்சொல். எந்த வகுப்பிலும் முதலில் பார்: எந்தப் பிள்ளையின் அம்மாவோ பாட்டியோ வேறு ஊர்க்காரர்? அவர்களிடம் என்ன ஆட்டம், என்ன சமையல், என்ன தாலாட்டு இருக்கிறது? பிள்ளைக்கு வெட்கம் என்றால் வற்புறுத்தாதே. நேரே பெற்றோரிடமும் போகாதே. வகுப்பாசிரியர் வழியாகவே எல்லாம் நடக்கவேண்டும். பெற்றோரின் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டு 2023இல் கொரிய ஆசிரியர்கள் பெரும் திரளாக சியோல் வீதிகளில் கூடியது உனக்கு நினைவிருக்கும். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான உறவு அங்கே புண்பட்டுக் கிடக்கிறது. வெளியாள் அதில் விரல் வைக்கக்கூடாது.

வீடுகளுக்கு உன்னை அழைப்பார்கள். சாப்பாட்டைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாமே அங்கேதான் நடக்கிறது. தரை கதகதவென்று இருக்கும். அடியில் சூடு ஓடும் ஒண்டொல் முறை. பெரியவர் கரண்டியை எடுத்தபிறகே நீ எடு. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு கையால். சோறும் சாறும் கரண்டியால், தொடுகறி உலோகக் குச்சியால். கிண்ணத்தைக் கையில் தூக்காதே. கரண்டியையோ குச்சியையோ சோற்றில் நட்டு வைக்காதே, அது முன்னோர்க்குப் படைக்கும் முறை. நம் வீட்டில் கவிச்சி இல்லை என்பதால் உனக்கு ஒரு சங்கடம் உண்டு. சாறு பெரும்பாலும் நெத்திலிக் கருவாட்டுத் தண்ணீரில் கொதித்தது. கிம்ச்சியிலும் உப்பிட்ட இறாலோ மீனோ சேரும். வாயால் சொல்லத் திணறாதே. கொரிய மொழியில் ஒரு சீட்டு எழுதி முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடு. புத்த மடத்துச் சமையலில் மீன் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் கிடையாது என்பதால், அப்படிச் சாப்பிடுகிறவள் என்றால் பாட்டிமார்களுக்குச் சட்டென்று புரியும்.

ஒரு வீட்டில் பேரப்பையன் என்னிடம், கையால் சாப்பிடுவது அசுத்தம் இல்லையா என்று கேட்டான். அவன் அம்மா பதறிப்போனார். நான் அவனுக்குப் பாடம் எடுக்கவில்லை. அந்த மேசையிலேயே விடை இருந்தது. கீரை இலையை உள்ளங்கையில் விரித்து, சோறும் கறியும் பூண்டும் காரத் துவையலும் வைத்து மடித்து, ஒரே வாயாகக் கையால் போட்டுக்கொள்வார்கள்; சாம் என்று பெயர். எனக்குக் கறியில்லாமல் ஒன்று மடித்து, பாட்டி தன் கையாலேயே என் வாயில் ஊட்டினார். வேண்டியவர்களுக்கு அப்படி ஊட்டுவது அங்கே வழக்கம். பிறகு நான் சோற்றை விரல் நுனியில் உருட்டிக் காட்டினேன். பையன் செய்து பார்த்தான், பாதி சிந்தியது. தாத்தா சிரித்துக்கொண்டே தானும் செய்தார். கேள்வி கேட்ட பிள்ளையை அடக்காமல், விடையை அவர்கள் வாழ்க்கையிலிருந்தே எடுத்துக் கொடு. நீ உன் நாட்டுக்காக வாதாடப் போகவில்லை.

இலையுதிர் காலத்தில் போனால் கிம்ஜாங் பார்க்கலாம். நவம்பர் குளிரில் ஊரே கூடி, குளிர்காலத்துக்கு வேண்டிய கிம்ச்சியைப் போடும் நாள். சீன முட்டைக்கோசை உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூளும் பூண்டும் இஞ்சியும் முள்ளங்கியும் கலந்த விழுதை ஒவ்வொரு இலைக்கும் இடையில் தடவுவார்கள். வீட்டுக்கு வீடு பகிர்ந்து கொடுப்பார்கள். 2013இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது இந்தச் சேர்ந்து செய்தலையும் பகிர்தலையும்தான். நீயும் கையுறை மாட்டி உட்கார். அங்கே ஒரு நல்ல வரலாற்றுப் பாடம் இருக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி; கொலம்பஸ் போன பிறகே ஆசியாவுக்கு வந்தது. நம் குழம்பின் சிவப்பும் அவர்கள் கிம்ச்சியின் சிவப்பும் சில நூற்றாண்டுக்கு உட்பட்டவை. அதற்குமுன் நமக்கு மிளகு, அவர்களுக்கு வெள்ளைக் கிம்ச்சி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் உலக வரைபடத்தில் மிளகாயின் பயணத்தைக் கோடு போடச் சொன்னேன். நம்முடையது, அவர்களுடையது என்ற பேச்சே அந்த வகுப்பில் எழவில்லை.

அறுவடைத் திருநாளான சுசொக்கில் அரிசி மாவைப் பிசைந்து எள்ளும் பயறும் வைத்துப் பைன் ஊசியிலை மேல் ஆவியில் வேகவைக்கும் சொங்பியொன்னைச் செய்ய வாய்த்தால், நீ கொழுக்கட்டை பிடித்துக் காட்டு. கை தானாக வேலை செய்யும்.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். பாண்டிய நாட்டுப் பெண் கொரிய அரசியானாள் என்று ஊரில் பலர் சொல்வதை முதல் நாளே எடுத்து வைக்காதே. 13ஆம் நூற்றாண்டில் இர்யொன் என்ற துறவி தொகுத்த ‘சம்குக் யூசா’வில், அயுதா என்ற நாட்டிலிருந்து கடல் வழியாக வந்த இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக், கயா அரசர் சூரோவை மணந்ததாகக் கதை உண்டு. கிம்ஹே நகரில் அவர் கல்லறை என்று வணங்கும் மேடும் இருக்கிறது. அயுதா எது என்பதில் அயோத்தி என்பாரும் தமிழ்நாடு என்பாரும் உண்டு. அயோத்தியில் 2001இல் நினைவுச்சின்னமும் எழுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் கேட்டால் அழகான பழங்கதையாகச் சொல். உரிமைப் பத்திரமாக நீட்டாதே. உறவு கொண்டாட இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போகவேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் உள்ள கொரியக் கார்த் தொழிற்சாலையும் 2006 முதல் சென்னையில் இயங்கும் இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையமும் நம் காலத்து உறவுகள். சென்னையில் வளரும் கொரியப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொன்னால் உன் வகுப்புப் பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்பார்கள்.

ஆசிரியர் அறையையும் விட்டுவிடாதே. அங்கே என்னை அதிகம் பேசவைத்தது மதிய உணவு. ஆசிரியரும் பிள்ளையும் ஒரே எவர்சில்வர் தட்டில் ஒரே உணவைச் சாப்பிடுகிறார்கள். மாதப் பட்டியலில் எந்த உணவில் ஒவ்வாமை தரும் பொருள் எது இருக்கிறது என்பதற்கு எண் குறியீடு போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இதெல்லாம் தானாக வந்துவிடவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் இலவச உணவா, ஏழைப் பிள்ளைக்கு மட்டுமா என்று 2011 ஆகஸ்டில் சியோலில் பொதுவாக்கெடுப்பே நடந்தது. மூன்றில் ஒரு பங்கு வாக்குகூட விழாததால் எண்ணவே இல்லை, எல்லார்க்கும் வேண்டாம் என்ற மேயர் பதவி விலகினார். நான் 1956இன் காமராசர் மதிய உணவுத் திட்டத்தையும் 1982இன் சத்துணவையும் சொன்னேன். பிறகு பல மதியங்கள் இதே பேச்சுதான். சத்துணவு முட்டையைப் பற்றிச் சமையலறை ஊட்டச்சத்து ஆசிரியை விடாமல் கேட்டார்.

பெரிய பிள்ளைகள் களைத்திருப்பார்கள். பள்ளி முடிந்து ஹக்வொன் என்னும் தனிப்பயிற்சிக்கு ஓடுவார்கள். சியோலில் இரவு 10 மணிக்கு அவை மூடவேண்டும் என்று விதி வைக்கவேண்டிய நிலை. நவம்பரில் சுனுங் தேர்வன்று, ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும்போது விமானங்களைக்கூட ஏற்றி இறக்க மாட்டார்கள். ப்ளஸ் டூ வீட்டில் வளர்ந்த உனக்கு இது புரியும். அவர்களிடம் தேர்வைப் பற்றிப் புத்திமதி சொல்லாதே. தூக்கம் வருகிறதா என்று கேள், போதும்.

பரிசுப் பொருள் விஷயத்தில் கவனம். 2016 முதல் நடைமுறையில் உள்ள ஊழல் தடுப்புச் சட்டப்படி, தன்னைப் படிப்பிக்கும் ஆசிரியருக்கு மாணவர் ஒரு பூவைக்கூடத் தனியாகக் கொடுக்கக்கூடாது. யாராவது நீட்டினால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடு.

சிற்றூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஒரு பெண்ணுக்கு 2023இல் சராசரி 0.72 பிள்ளை என்ற அளவுக்கு நாடு வந்துவிட்டது. எங்கள் மாகாணத்தின் காங்ஜின் பகுதியில், முதல் வகுப்புக்குப் பிள்ளையே இல்லாமல்போன ஒரு பள்ளி, 2019இல் எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிகளை முதல் வகுப்பில் சேர்த்துக்கொண்டது. இதை எனக்குச் சொன்ன ஆசிரியைக்கு, புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் நம் பெண்கள் எழுத்தையும் சைக்கிளையும் சேர்த்துக் கற்றதைச் சொன்னேன். உன் பட்டியலில் தாஜ்மகாலுக்குப் பதில் இதை வை.

சாமான்களில், பல்லாங்குழி ஆடப் புளியங்கொட்டை எடுத்துப் போகாதே. விதைகளுக்கு விமான நிலையத்தில் தாவர நோய்ச் சோதனை உண்டு. கூழாங்கல் அங்கே கிடைக்கும். மடக்குப் பல்லாங்குழி ஒன்று ஈரோட்டில் வாங்கித் தருகிறேன். கம்பளி உடை, கொரிய எழுத்தில் உன் பெயர்ச்சீட்டு, வீட்டில் எடுத்த சாதாரணப் படங்கள் போதும்: சமையலறை, மாட்டுத்தொட்டி, பள்ளிப் பேருந்து. போன முதல் மாதம் பிள்ளைகள் உன்னிடம் கேட்கிற கேள்விகளை அப்படியே எழுதி அனுப்பு. கோபியில் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் விடை எழுதி, அவர்களிடம் தாங்கள் கேட்க நினைப்பதையும் சேர்த்து அனுப்புவார்கள். இப்போதே சிலர் எழுதிவிட்டார்கள், உறையில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அத்தை